மூட்டுவலி உள்ளவருக்குப் பாட்டு எப்படிப் போட்டுக் கொடுப்பது?

உங்கள் கேள்வி இது: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கூடவே பல வருட இடுப்புவலி. 'வலி தீர்க்கும் இசை' என்று இணையத்தில் கிடைத்த மூன்று மணி நேர ஒலிப்பதிவை ராத்திரி வலி தாங்காமல் புரண்டுகொண்டிருந்தபோது போட்டுவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் "நிறுத்துப்பா, தலை வலிக்குது" என்றுவிட்டார். இசையால் வலி குறையும் என்பதே பொய்யா, அல்லது செய்த முறை தப்பா?

பொய் இல்லை. முறைதான் தப்பு. பாட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அதை அவர் முதல்முறை கேட்டதே வலி உச்சத்தில் இருந்த வேளையில். அது எப்போது முடியும் என்றும் அவருக்குத் தெரியாது. இந்த மூன்றையும் மாற்றினால் பலன் தெரிய வாய்ப்பு உண்டு. எவ்வளவு பலன் என்பதை முதலில் பேசிவிடலாம். அளவுக்கு மீறி எதிர்பார்ப்பவர்கள்தான் ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் வலியின் அளவை மூட்டின் நிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தேய்ந்ததற்கே துடிப்பவர்களும் இருக்கிறார்கள். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் முன்வைத்த 'வாயில்' கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. காலிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்துதான் மூளைக்குப் போகிறது. அந்த வாயில் எவ்வளவு திறக்கும் என்பதில் மூளையிலிருந்து கீழே இறங்கும் செய்திகளுக்கும் பங்கு உண்டு. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் நிறையத் திருத்தப்பட்டன. மூளை மேலிருந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. பயம், தூக்கமின்மை, தனிமை, கவனம் முழுக்க முழங்காலிலேயே இருப்பது எல்லாம் கூட்டும். வலிக்கிற இடத்தைச் சுற்றியுள்ள தசைகள் காவல் காப்பதுபோல் இறுகிக்கொள்வதும் கூட்டும். இசைக்கு வேலை இங்கேதான். கவனத்தை இழுக்கும், மூச்சை நிதானப்படுத்தும், இறுக்கத்தைத் தளர்த்தும், மனநிலையை மாற்றும். தேய்ந்த குருத்தெலும்பை அது ஒன்றும் செய்யாது.

2016-இல் 97 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு அலசலில், 0 முதல் 10 வரையிலான வலி அளவில் இசை சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல் குறைத்திருந்தது. ஆறு என்றவர் ஐந்து என்பார், அவ்வளவுதான். நோயாளி "நல்லா வித்தியாசம் தெரியுது" என்று சொல்ல ஏறத்தாழ இரண்டு புள்ளி குறைய வேண்டும் என்பது வலி மருத்துவத்தில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆக, இசை மட்டும் போதாது. மாத்திரை, பிசியோதெரபி, ஒத்தடம், நடை இவற்றோடு சேர்ந்து அந்த இரண்டாவது புள்ளியைக் கொண்டுவரும் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட வலியை மட்டும் எடுத்துக்கொண்ட 2017-ஆம் ஆண்டின் இன்னொரு தொகுப்பில் வலியோடு மனச்சோர்வும் குறைந்திருந்தது. ஆய்வாளர் தேர்ந்தெடுத்த இசையைவிட நோயாளி தானே தேர்ந்தெடுத்த இசைக்குப் பலன் கூடுதலாக இருந்தது என்பதுதான் அதில் நமக்கு முக்கியமான தகவல்.

லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதையே இன்னும் கூர்மையாகக் காட்டியது. நாள்பட்ட வலி இல்லை, அப்போதைக்கு வந்த வலி உள்ளவர்களிடம் செய்தது. இசையின் தன்மையைத் தீர்மானித்ததில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காத நிலையில் இருப்பவருக்குத் தன் கையில் ஒரு விசை இருப்பதே பாதி நிம்மதி. அதனால் முதல் வேலையாக போனை அம்மா கையில் கொடுங்கள். போனை இயக்கத் தெரியாது என்றால் நிறுத்தவும் அடுத்ததற்குப் போகவும் இரண்டு பொத்தான் மட்டும் சொல்லிக்கொடுங்கள். பழைய ரேடியோ வடிவில், பாடல்கள் முன்பே ஏற்றப்பட்டு வரும் கருவிகள் இந்த விஷயத்தில் போனைவிட மேல். பெரிய பொத்தான், விளம்பரம் கிடையாது.

பாட்டுத் தேர்வைப் பகல் நேரத்தில், வலி குறைவான ஒரு நாளில் செய்யுங்கள். "உனக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று கேட்டால் சரியான பதில் வராது. குத்துப்பாட்டும் பிடிக்கும், அழவைக்கும் பாட்டும் பிடிக்கும். "எதைக் கேட்டா உடம்பு லேசாகுது?" என்று கேளுங்கள். பழைய மெல்லிசை, வீணை, புல்லாங்குழல், கந்தசஷ்டி, ஞானப்பாட்டு, நாகூர்ப் பாட்டு என எது வந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அவர் முகத்தையும் தோளையும் பாருங்கள். தோள் இறங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். கண் கலங்கினால் தள்ளிவையுங்கள். இறந்துபோனவரையோ பழைய சண்டையையோ நினைவுபடுத்தும் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து வேகத்தை வைத்து வடிகட்டலாம். பாட்டுக்குக் கை தானாகத் தட்டும் இடத்தில் தட்டி, 15 நொடியில் எத்தனை என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 என்றால் தளர்வுக்கு ஏற்றது. நூறைத் தாண்டினால் கால் தானாக ஆடத் தொடங்கும். காலைநேர உடற்பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். திரைப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு: பல்லவி மென்மையாகப் போகும், இடையிசையில் திடீரென்று டிரம்பெட்டும் தபலாவும் பாயும். முழுப் பாட்டையும் கேட்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவென்றால் மெதுவாகப் போகும் விளம்பகாலக் கீர்த்தனை, தாளக்கட்டு இல்லாத ஆலாபனை இரண்டும் நல்லவை. மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனத்தையும் கைதட்டலையும் வெட்டிவிடுங்கள். பல பதிவுகளில் பாட்டைவிடக் கைதட்டல்தான் சத்தமாக இருக்கிறது.

இந்த ராகம் மூட்டுவலிக்கு, அந்த ராகம் சர்க்கரைக்கு என்று ஒரு அட்டவணை வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நீலாம்பரி ராகம் கேட்டால் கண் சொக்குவதில், தாலாட்டோடு அதைச் சேர்த்துக் கேட்டே வளர்ந்த பழக்கத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது; கேட்டே வளராத ஒருவருக்கு அதே விளைவு வர வேண்டும் என்பதில்லை. 432 ஹெர்ட்ஸ் சுருதியில் அமைத்த இசை நோய் தீர்க்கும் என்று சொல்லும் அற்புதங்களும் இதே ரகம். நீங்கள் போட்டுக் கொடுத்த மூன்று மணி நேரப் பதிவும் அப்படிப்பட்ட ரீங்காரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அதோடு எந்த உறவும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு மெட்டும் இல்லை.

மொத்த நேரம் 20 முதல் 30 நிமிடம் போதும், அதாவது நான்கைந்து பாட்டு. வரிசையும் முக்கியம். 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் கண்டுகொண்ட ஒரு வழியை இசை சிகிச்சையாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள்: ஆள் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, மெல்ல மெல்ல வேண்டிய இடத்துக்கு அழைத்துப் போவது. வலியில் எரிச்சலோடு இருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே மெல்லிய புல்லாங்குழல் போட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். முதல் பாட்டு நடுத்தர வேகத்தில், கொஞ்சம் உயிர்ப்போடு இருக்கட்டும். அடுத்தது நிதானம். மூன்றாவதும் நான்காவதும் மிக மெதுவாக, ஒன்றிரண்டு வாத்தியம் மட்டும். பிரான்சில் ஸ்டெஃபான் கெத்தான் குழுவினர் 2012-இல் 87 நாள்பட்ட வலி நோயாளிகளிடம் சோதித்ததும் இப்படி அமைத்த 20 நிமிட இசைதான். வேகம், வாத்தியங்களின் எண்ணிக்கை, ஒலியளவு மூன்றும் படிப்படியாக இறங்கி, கடைசியில் மறுபடி மெல்ல ஏறும். பகலில் கேட்பதானால் அந்தக் கடைசி ஏற்றத்துக்கு ஒரு பாட்டு வையுங்கள். எழுந்து வேலை பார்க்கத் தெம்பு வரும். தூங்கும் முன் கேட்பதென்றால் அது வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் அப்படியே இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இசைக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மிக அதிகமாக இறங்கின; இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவைவிடவும் கீழே போயின. அடுத்த பாட்டைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயை அணைத்துவைக்காவிட்டால் இந்த இரண்டு நிமிடம் கிடைக்காது.

எப்போது கேட்பது என்பது நோயைப் பொறுத்தது. தேய்மான மூட்டுவலி பொதுவாக நாள் முழுக்க நடமாடிய பிறகு சாயங்காலம் ஏறும். அம்மாவுக்கு ஏழு மணிக்கு உச்சம் என்றால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். மூட்டுகள் அழற்சியால் வீங்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட மூட்டு விறைத்திருக்கும். அவர்கள் படுக்கையை விட்டு எழும் முன் கேட்கலாம். மாத்திரை போட்டுவிட்டு அது வேலைசெய்யக் காத்திருக்கும் அரை மணியும் நல்ல வேளை. வழக்கமாக அந்த அரை மணிதான் "இன்னும் விடலையே" என்று கடிகாரத்தைப் பார்த்தே வலியை வளர்க்கிறது. தினமும் ஒருமுறை, முடிந்தால் இருமுறை. முதல் இரண்டு வாரம் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வலி மிகுந்த வேளையில் மட்டும் கேட்டால் அந்தப் பாட்டே வலியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு முதல் வரியிலேயே உடம்பு இறுகும். நல்ல வேளைகளில் கேட்டுக் கேட்டு, தளர்வதோடு அந்தப் பாட்டை முடிச்சுப் போட்டுவிட்டால்தான் மோசமான நாளில் அது கைகொடுக்கும்.

படுக்கும் விதத்தைச் சரிசெய்யாமல் தளர்வு வராது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. இடுப்பின் இழுவை குறையும். கேட்கும் நேரத்துக்கு மட்டும்தான் இது. இரவெல்லாம் முழங்காலை மடக்கியே வைத்திருந்தால் அப்படியே மடங்கி நிற்கும், நீட்டுவது கஷ்டமாகிவிடும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. படுக்கவே முடியாதவர் கைப்பிடி வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம், பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். ஒத்தடத்தை இதே 20 நிமிடத்தில் சேர்த்துக்கொள்வது வசதி, ஆனால் வெந்நீர்ப் பையையோ ஹீட்டிங் பேடையோ வைத்தபடி தூங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது. அவர்களுக்குச் சூட்டை முன்னாலேயே முடித்து எடுத்துவிட்டுப் பிறகு பாட்டைப் போடுங்கள்.

முதல் பாட்டு ஓடும்போது மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. மூச்சை நடுவில் அடக்க வேண்டாம்; தலை சுற்றினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடட்டும். இரண்டாவது பாட்டில் தாடை, தோள், உள்ளங்கை, வயிறு, தொடை என்று ஒவ்வோர் இடமாகத் தளர்த்துவது. தசையை முதலில் இறுக்கிப் பிறகு விடும் ஜேக்கப்சன் முறையைச் சிலர் சொல்லித்தருவார்கள். வலிக்கிற மூட்டைச் சுற்றி அதைச் செய்தால் பிடித்துக்கொள்ளும், அங்கே விடுவது மட்டும் போதும். மூன்றாவது பாட்டிலிருந்து ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள். தம்புரா, குழல், எதுவானாலும். கவனம் முழங்காலுக்கு ஓடும், ஓடட்டும். கவனித்ததும் திரும்ப வாத்தியத்துக்கு வந்தால் போதும். "வலி போச்சா?" என்று நடுவில் நீங்கள் போய்க் கேட்பதுதான் இதைக் கெடுக்கும்.

கருவி விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. தலைமாட்டில், ஓரிரண்டு அடி தள்ளி ஒரு சின்ன ஸ்பீக்கர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கழுத்துவலி உள்ளவருக்குக் கனமான ஹெட்போன் சுமை. தாடை மூட்டில் வலி உள்ளவருக்குக் காதுக்குள் செருகும் இயர்போன் வலியைக் கிளப்பும். காதுக் கருவி போட்டிருப்பவர் அதன்மேல் ஹெட்போனை வைத்தால் வீல் என்று ஊளையிடும், அவருக்கும் ஸ்பீக்கர்தான் சரி. வயது ஏறினால் காதுக்கு உச்ச ஒலிகள் குறைந்துவிடும். அதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டினால் வயலினும் ஜால்ராவும் காதைக் குத்தும். ஒலியின் உச்ச, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மேல்பகுதியைச் சற்றுக் குறைத்து, கீழ்ச்சுருதி வாத்தியங்களைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. நாம் பேசும் அளவு அதற்கு வெகு கீழே. மின்விசிறிச் சத்தத்தை வெல்லப் பாட்டைக் கூட்டுவதற்குப் பதில் விசிறியை ஒரு புள்ளி குறையுங்கள்.

பாடல்களைத் தரவிறக்கி வைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மூன்றாவது பாட்டு முடிந்து உடம்பு தளர்ந்த நொடியில் நகைக்கடை விளம்பரம் வந்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் வீண். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த பதிவுகள் வெவ்வேறு சத்தத்தில் இருக்கும், அதனால் ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பு செயலியில் இருந்தால் இயக்கிவிடுங்கள்.

முடிந்ததும் சடக்கென்று எழக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு எழட்டும். எழுந்த கையோடு ஒரு தொல்லை காத்திருக்கிறது. வலி கொஞ்சம் விட்டதும், சேர்ந்துபோன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கத் தோன்றும். துணியை ஊறவைத்து, மாடிப்படி ஏறி, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் மறுநாள் வலி இரட்டிப்பாகும். "பாட்டு கேட்டதும் வேஸ்ட்" என்ற முடிவுக்கும் வந்துவிடுவார். கிடைத்த ஆசுவாசத்தைப் பிசியோ சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சிக்கோ பத்து நிமிட நடைக்கோ செலவிடச் சொல்லுங்கள். இசையிலிருந்து நீண்டகாலப் பலன் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான்.

பலனைக் கணக்கிட ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும். கேட்கும் முன் வலி எத்தனை, அது படுத்தும் தொந்தரவு எத்தனை, கேட்ட பின் இரண்டும் எத்தனை, எல்லாம் பத்துக்கு. கூடவே இரவு எத்தனை முறை விழித்தார் என்பதும். தொந்தரவு எண்ணும் தூக்கமும்தான் முதலில் மாறும், வலி எண் பின்னால் வரும். அதை மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அமெரிக்காவில் நாள்பட்ட வலி உள்ள 60 பேரிடம் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வில் தினம் ஒரு மணி நேரம் கேட்டவர்களிடம் ஏழு நாளிலேயே மாற்றம் தெரிந்தது. வீட்டில் அரை மணிக் கணக்குக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் மூன்று எண்களும் அசையவில்லை என்றால் முதலில் பாட்டை மாற்றுங்கள், பிறகு வேளையை மாற்றுங்கள். நாலு வாரத்திலும் ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடலாம். எல்லாருக்கும் இது ஒத்துவருவதில்லை. வேலை செய்கிறது என்றாலும் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு பாட்டையாவது மாற்றுங்கள், சலித்துப்போனது கவனத்தை இழுக்காது.

சிலருக்கு இது சரிப்படாது. ஒற்றைத் தலைவலி வந்திருக்கும்போது சத்தமே எதிரி. அவர்கள் தலைவலி இல்லாத நாட்களில் மட்டும் கேட்கலாம். உடம்பு முழுக்கத் தசைவலி பரவும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிலும் பலருக்கு ஒலி கூசும். அவர்கள் ஐந்து நிமிடம், மிகக் குறைந்த சத்தம், ஒற்றை வாத்தியம் என்று தொடங்க வேண்டும். சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டுவது உண்டு, மிக அரிது. அப்படி முன்பு நடந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டாம்.

மாத்திரையை இசையை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக டிரமடால், பிரீகாபலின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் வேறு உபாதைகள் வரும், மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, காலில் புதிதாக மரமரப்போ பலவீனமோ தெரிந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போனாலும் அப்படியே. காரணமில்லாமல் எடை குறைவதும், படுத்தாலும் விடாத புதிய இரவு வலியும் சில நாளுக்குள் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.